சங்கு கிடைக்காமல் பாட்டில் மூடிக்குள் குடியேறும் துறவி நண்டுகள்: நண்டே இல்லாத 'நண்டின்' கதை தெரியுமா?

ஜப்பானின் தெற்கே உள்ள அமாமி ஒஷிமா தீவு. 2025 மே மாதம், அங்குள்ள ஓட்டல் ஒன்றில் ஊழியர்களிடம் விட்டுச் செல்லப்பட்ட சூட்கேஸ்களுக்குள் இருந்து ஏதோ உரசுகிற சத்தம் வந்தது. சந்தேகப்பட்ட ஊழியர்கள் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல, விஷயம் போலீஸ் வரை போனது. உள்ளே இருந்தவை தங்கமோ போதைப்பொருளோ இல்லை. உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான துறவி நண்டுகள்!

மொத்தம் சுமார் 160 கிலோ. இந்த வழக்கில் சீனாவைச் சேர்ந்த 3 பேர் கைது செய்யப்பட்டனர். கடற்கரையில் சர்வ சாதாரணமாக ஓடும் ஒரு சின்ன உயிரினத்தைப் பிடித்ததற்கு எதற்குக் கைது என்று தோன்றலாம். ஜப்பானில் நிலத்தில் வாழும் துறவி நண்டுகள் 1970-ம் ஆண்டு முதல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் அங்கே குற்றம்.

சரி, அப்படி என்ன இருக்கிறது இந்த நண்டில்? ஏன் இதைக் கடத்துகிறார்கள்? இன்னொரு பக்கம், பாட்டில் மூடியைத் தலையில் கவிழ்த்த மாதிரி சுமந்து திரியும் துறவி நண்டுகளின் படங்கள் இணையத்தில் ஏன் அடிக்கடி வலம் வருகின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: இது நண்டா, இல்லையா?

பெயரில் நண்டு இருந்தாலும், அறிவியல் கணக்குப்படி துறவி நண்டு 'உண்மையான நண்டு' கிடையாது.

நண்டு, இறால், சிங்கி இறால் எல்லாமே பத்துக்காலிகள் என்ற பெரிய வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசைக்குள் நாம் குழம்பு வைக்கும் நண்டுகள் பிராக்கியூரா என்ற பிரிவில் வருகின்றன. துறவி நண்டுகளோ அனோமூரா என்ற வேறொரு பிரிவு. இரண்டும் பங்காளிகள் மாதிரி. பாட்டன் ஒருவர்தான், ஆனால் குடும்பம் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கால்களை எண்ணிப் பாருங்கள். உண்மையான நண்டுக்குக் கொடுக்கு போக 4 ஜோடி கால்கள் நன்றாகத் தெரியும். துறவி நண்டு நடக்கும்போது கொடுக்கு போக 2 ஜோடி கால்கள்தான் வெளியே தெரியும். மீதி 2 ஜோடி சிறுத்துப் போய் சங்குக்குள்ளேயே இருக்கும். அவற்றின் வேலை நடப்பதல்ல, வீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வது.

இன்னொரு முக்கிய வித்தியாசம் வயிறு. உண்மையான நண்டின் வால் பகுதி தட்டையாகி உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கும். துறவி நண்டின் வயிறு நீளமானது, மென்மையானது, மேலே கெட்டியான ஓடு கிடையாது. அது நேராகவும் இல்லை, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். பெரும்பாலான கடல் நத்தைச் சங்குகள் வலப்பக்கம் சுழல்பவை. அந்தச் சுழலுக்குள் சரியாகப் போய் உட்காரும்படி இந்த உடம்பே வளைந்துவிட்டது. பெரும்பாலான இனங்களில் வயிற்றுக்கு அடியில் உள்ள குட்டிக் கால்கள்கூட இடது பக்கம் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. வலது பக்கத்துக் கால்கள் காலப்போக்கில் காணாமல் போய்விட்டன.

அதாவது, இது சங்கை வீடாகப் பயன்படுத்தும் உயிரினம் மட்டுமல்ல. சங்குக்காகவே செதுக்கப்பட்ட உயிரினம்.

எத்தனை வகைகள் இருக்கின்றன?

உலகம் முழுவதும் 1,100-க்கும் மேற்பட்ட துறவி நண்டு இனங்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. அலை அடிக்கும் பாறை இடுக்கு முதல் சூரிய ஒளியே எட்டாத ஆழ்கடல் வரை இவை வாழ்கின்றன. முக்கியமான குடும்பங்கள் இவை:

• டையோஜெனிடே: பொதுவாக இடது கொடுக்கு பெரிதாக இருக்கும், அல்லது இரண்டும் ஒரே அளவில் இருக்கும். வெப்பமண்டலக் கடற்கரைகளில் அதிகம். பெரிய ஜாடி ஒன்றுக்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவஞானி டயோஜெனிஸின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

• பேகுரிடே: இங்கே வலது கொடுக்குதான் பெரியது. குளிர்ந்த கடல்களிலும் இவை ஏராளம்.

• பாராபேகுரிடே: பெரும்பாலும் ஆழ்கடல்வாசிகள். பல இனங்கள் கடல் சாமந்திகளோடு சேர்ந்து வாழ்கின்றன.

• பைலோசெலிடே: இவற்றின் வயிறு சுருளாமல் இருபுறமும் சமமாக, நேராக இருக்கும். கடலடியில் கிடக்கும் மரத்துண்டு, மூங்கில், கடற்பஞ்சு போன்றவற்றுக்குள் குடியிருக்கும்.

• கோயனோபிடிடே: கடலை விட்டுக் கரையேறிய குடும்பம். சுமார் 17 துறவி நண்டு இனங்களும், அவற்றோடு தென்னை நண்டும் இதில் அடக்கம். அமாமி தீவில் சூட்கேஸில் சிக்கியது இந்தக் குடும்பம்தான்.

சங்கு மட்டும்தான் வீடா?

இல்லை. இந்த விஷயத்தில் துறவி நண்டுகள் காட்டும் சாமர்த்தியம் ஆச்சரியப்பட வைக்கும்.

சங்கில் வாழ்வதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நண்டு வளரும், சங்கு வளராது. அதனால் வளர வளர வீடு மாறியே ஆக வேண்டும். மாறுகிற அந்தச் சில நொடிகள்தான் ஆபத்தான நேரம். மென்மையான வயிறு வெளியே தெரியும், எதிரி காத்திருப்பான்.

இதற்குச் சில இனங்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஆழ்கடலில் சில துறவி நண்டுகளின் சங்கு மேல் கடல் சாமந்தி ஒட்டிக்கொள்கிறது. அது வளரும்போது சங்கின் வாயைத் தாண்டி, சங்கு மாதிரியே ஓர் உறையைத் தானே சுரந்து நீட்டிக்கொண்டே போகிறது. நண்டுக்கு வீடு பெரிதாகிறது. சாமந்திக்கு ஊர் சுற்றவும் மிச்சம் மீதி சாப்பிடவும் வசதி. அப்படி 'வீடு கட்டித் தரும்' ஒரு கடல் சாமந்தி இனத்தை ஜப்பான் கடலில் இருந்து 2022-ல் புதிய இனமாக விஞ்ஞானிகள் விவரித்தனர்.

அதே அமாமி தீவுகளை ஒட்டிய கடலில் இருந்து 2017-ல் இன்னொரு அதிசயம் வெளியே வந்தது. 'டையோஜெனிஸ் ஹெட்டரோப்சாமிகோலா' என்று பெயரிடப்பட்ட அந்தச் சின்னத் துறவி நண்டு, உயிருள்ள பவளத்துக்குள் வாழ்கிறது. மணலில் தனியாகக் கிடக்கும் இந்தப் பவளத்தில் வழக்கமாக ஒரு வகைப் புழுதான் குடியிருக்கும். புழு பவளத்தை இழுத்துச் செல்லும், மணலில் புதைந்து போகாமல் காப்பாற்றும். அந்தப் புழுவின் இடத்தை இந்த நண்டு பிடித்திருக்கிறது. பவளமும் கூடவே வளர்வதால், நண்டுக்கு வீடு மாற வேண்டிய கவலையே இல்லை.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

துறவி நண்டுகளின் தொல்லெச்சங்கள் ஜுராசிக் காலம் வரை பின்னோக்கிப் போகின்றன. டைனோசர்கள் நிலத்தில் நடமாடிய அதே காலம். ஆனால் அப்போது எல்லாமே நத்தைச் சங்கில் குடியிருந்தன என்று சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஸ்பீட்டன் களிமண் படிவத்தில் கிடைத்த ஒரு தொல்லெச்சம் இதற்கு முக்கிய சாட்சி. 2003-ல் விவரிக்கப்பட்ட அது, சுமார் 13 கோடி ஆண்டுகள் பழமையானது. அதில் துறவி நண்டு இருந்தது அம்மோனைட் என்ற உயிரினத்தின் கூட்டுக்குள். குடியிருந்த வீட்டிலேயே கல்லாகிப் போன நண்டு அது.

அம்மோனைட் என்றால் புரியாதவர்கள், அரியலூர் பகுதியில் கிடைக்கும் சுருள் வடிவக் கல் படிவங்களை நினைத்துக்கொள்ளலாம். சாளக்கிராமக் கற்களில் தெரியும் சுருளும் பெரும்பாலும் இதுதான். கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் தூரத்து உறவான அம்மோனைட்டுகள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துவிட்டன.

வீடு கட்டிக் கொடுத்தவர்கள் அழிந்த பிறகும், வாடகைக்கு இருந்த துறவி நண்டுகள் பிழைத்துக்கொண்டன. காரணம், அதற்குள் கடல் நத்தைகள் பெருகியிருந்தன. அவை செத்தபின் விட்டுச் சென்ற உறுதியான சங்குகளுக்கு இவை இடம் மாறிக்கொண்டன. கிடைப்பதை வைத்து வாழ்ந்துவிடும் இந்தக் குணம்தான் இன்று பிளாஸ்டிக் விஷயத்தில் இவற்றுக்கு எதிரியாகத் திரும்பியிருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

வீட்டைத் துறந்த நண்டுகளும் உண்டா?

உண்டு. துறவி நண்டு வம்சத்திலேயே மிகவும் விவாதிக்கப்படும் பகுதி இதுதான்.

வட பசிபிக் கடலில் பிடிபடும் ராஜ நண்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முள் நிறைந்த கெட்டி ஓடு, விரித்தால் ஒன்றரை மீட்டரையும் தாண்டும் கால்கள், உணவகங்களில் எகிறும் விலை. பார்த்தால் அசல் நண்டு மாதிரியே இருக்கும். ஆனால் இவை துறவி நண்டுகளின் வழிவந்தவை என்று 1992-ல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. சுமார் 1.3 கோடி முதல் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மாற்றம் நடந்திருக்கலாம் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது.

உடம்பிலும் தடயம் இருக்கிறது. பெண் ராஜ நண்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், வயிற்றுப் பகுதித் தகடுகள் இரு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். சங்குக்குள் சுருண்டு கிடந்த முன்னோரின் நினைவு அது. வீட்டைக் காலி செய்து பல லட்சம் தலைமுறைகள் ஆகியும் வளைவு முழுதாக நிமிரவில்லை.

இதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உடலமைப்பை அடிப்படையாக வைத்து வகைப்படுத்திய சில வல்லுநர்கள், 'மாற்றம் நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கும்' என்று வாதிட்டனர். ஆனால் பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் 'துறவியில் இருந்து ராஜா' என்ற பக்கமே சாய்கின்றன.

இதனால் வகைப்பாட்டில் ஒரு சங்கடம். ராஜ நண்டுகளைத் தனிக் குடும்பமாகப் பிரித்து வைத்தால், 'துறவி நண்டு' என்ற குழு முழுமையடையாது. தாத்தாவையும் பேரன்களையும் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டு, வசதியான பேரன் ஒருவனின் பெயரை மட்டும் நீக்கியது போன்ற நிலை இது.

எல்லாமே ஏன் நண்டாக மாறுகிறது?

இப்படி நண்டல்லாத ஒன்று நண்டு வடிவத்துக்கு மாறுவதற்கு 'கார்சினைசேஷன்' என்று பெயர். 'பரிணாமத்தில் எல்லாமே கடைசியில் நண்டாகத்தான் மாறும்' என்று சமூக ஊடகங்களில் சுற்றும் மீம்களுக்கு மூலம் இந்தச் சொல்தான். 1916-ல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் போரடைல் இதை உருவாக்கினார். அவர் அப்போது விவரித்துக்கொண்டிருந்ததும் ஒரு துறவி நண்டைத்தான்.

பத்துக்காலிகளில் குறைந்தது 5 முறை இந்த மாற்றம் தனித்தனியாக நடந்திருப்பதாகக் கருதப்படுகிறது. ஆனால் 'எல்லாமே' நண்டாகிறது என்பது மிகை. தட்டையான உடம்பு, அடியில் மடங்கிய வால் ஆகியவை ஒளிந்துகொள்ளவும் பக்கவாட்டில் வேகமாக ஓடவும் உதவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

வீட்டைத் துறந்த இன்னொருவர் தென்னை நண்டு. நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே உலகில் பெரியது இதுதான். சுமார் 4 கிலோ வரை வளரும். தேங்காயை உரித்து உடைத்துத் தின்னும் வலு கொடுக்கில் உண்டு. குட்டியாக இருக்கும்போது இதுவும் சங்கைச் சுமந்துதான் திரியும். வளர்ந்ததும் சங்கை விட்டுவிட்டு, வயிற்றின் மேலேயே கெட்டித் தோலை வளர்த்துக்கொள்ளும். இந்தியாவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டுமே இருக்கும் இது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. உணவுக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'அழிய வாய்ப்புள்ள' இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

வரிசையில் நின்று வீடு மாறும் 'துறவிகள்'

பெயர்தான் துறவி. உண்மையில் இவை கூட்டமாக வாழ்பவை, அதுவும் வீட்டுக்காக.

கடற்கரையில் ஒரு பெரிய காலிச் சங்கு ஒதுங்கினால், சில நேரங்களில் நண்டுகள் பெரிது முதல் சிறிது வரை வரிசையாக நிற்கும். பெரியது புதுச் சங்குக்குள் போன உடனே, அது விட்ட வீட்டுக்கு அடுத்தது போகும். அதன் வீட்டுக்கு அதற்கடுத்தது. ஒரே நிமிடத்தில் பல குடும்பங்கள் வீடு மாறிவிடும். சமூகவியலில் இருந்து எடுத்து, இதைக் 'காலியிடச் சங்கிலி' என்று அழைக்கிறார்கள்.

நில வகைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. அவை சங்கின் உள்பக்கத்தைச் சுரண்டி இடத்தைப் பெரிதாக்கி, எடையைக் குறைத்துக்கொள்ளும். அப்படி 'ரெனோவேஷன்' செய்த சங்கு ஒரு நண்டோடு முடிவதில்லை. கைமாறி அடுத்தடுத்த நண்டுகளுக்குப் போகும். கடற்கரையில் நாம் அழகாக இருக்கிறதே என்று பொறுக்கி எடுக்கும் சங்கு, பல தலைமுறை இழைத்து வைத்த பூர்வீக வீடாக இருக்கலாம்.

பிளாஸ்டிக் மூடி எப்படி வீடானது?

2024-ல் போலந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பொதுமக்கள் இணையத்தில் பதிவேற்றிய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். செயற்கைப் பொருட்களை வீடாக்கிக்கொண்ட 386 துறவி நண்டுகள் அகப்பட்டன. அவற்றில் சுமார் 85% பேர் குடியிருந்தது பிளாஸ்டிக் மூடிகளில். நிலத்தில் வாழும் 16 இனங்களைக் கணக்கில் எடுத்ததில், 10 இனங்களில் இந்தப் பழக்கம் பதிவாகியிருந்தது.

ஏன் இப்படி? பிளாஸ்டிக் லேசானது, அதன் வாசனை ஈர்க்கிறது, குப்பை நிறைந்த கரையில் அது மறைந்துகொள்ள உதவுகிறது, வித்தியாசமான வீடு துணையைக் கவர்கிறது என நான்கு சாத்தியங்களை அவர்கள் முன்வைக்கிறார்கள். எது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை. இது அவற்றுக்கு நல்லதா கெட்டதா என்பதும் திறந்த கேள்விதான்.

ஆனால் இன்னொரு ஆய்வின் முடிவில் சந்தேகமே இல்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளிலும், பசிபிக்கில் உள்ள ஹெண்டர்சன் தீவிலும் கரை ஒதுங்கிய பாட்டில்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். 2020-ல் வெளியான அவர்களின் மதிப்பீட்டின்படி, இந்த இரண்டு இடங்களில் மட்டும் சுமார் 5.7 லட்சம் துறவி நண்டுகள் பிளாஸ்டிக் கொள்கலன்களில் சிக்கிச் செத்திருக்கின்றன. ஒரே ஒரு கொள்கலனில் மட்டும் 526 நண்டுகள்!

இத்தனை எப்படி? இங்கேதான் அவற்றின் புத்திசாலித்தனமே பொறியாகிறது. ஒரு நண்டு செத்தால் அதன் வாசனை மற்ற நண்டுகளை வரவழைக்கும். காரணம், நண்டு செத்தால் ஒரு சங்கு காலி என்று அர்த்தம். வழுக்கும் பாட்டிலுக்குள் ஒன்று விழுந்து செத்ததும், 'வீடு காலியாகியிருக்கிறது' என்ற அழைப்பு போகிறது. தேடி வரும் அடுத்ததும் உள்ளே விழுகிறது, வெளியே ஏற முடியாமல் சாகிறது. அழைப்பு இன்னும் பலமாகிறது. பல கோடி ஆண்டுகளாக உயிர் காத்த அதே சங்கிலி, பாட்டிலுக்குள் மரணச் சங்கிலியாக மாறிவிடுகிறது.

செல்லப்பிராணி சந்தையில் என்ன பிரச்சினை?

இப்போது அமாமிக்குத் திரும்பலாம். துறவி நண்டுகளுக்குப் பல நாடுகளில் செல்லப்பிராணிச் சந்தை இருக்கிறது. சாயம் பூசிய சங்கோடு சின்னக் கூண்டில் விற்கப்படுவதும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், இவற்றைப் பண்ணையில் பெருக்குவது மிகக் கடினம். நிலத்தில் வாழ்ந்தாலும் முட்டை பொரிய கடல் வேண்டும். பெண் நண்டு கரையோரம் வந்து அலையில் முட்டைகளை விடும். குஞ்சுகள் கடலில் மிதந்து, பல கட்டங்கள் மாறி, ஒரு குட்டிச் சங்கைத் தேடிக்கொண்ட பிறகுதான் கரையேறும். இதைத் தொட்டியில் நடத்திக் காட்டுவது சுலபமில்லை. அதனால் கடையில் இருக்கும் நண்டு ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையில் இருந்து பிடித்து வந்ததுதான்.

இயற்கையில் 30 ஆண்டுகள் வரைகூட வாழக்கூடிய உயிர் இது. சரியான ஈரப்பதம், மணல், உப்புநீர் இல்லாத கூண்டில் பெரும்பாலும் சீக்கிரமே செத்துவிடுகிறது. மெதுவாக வளரும் இனத்தில் இருந்து ஒரேயடியாக 160 கிலோ எடுத்தால் அந்தத் தீவுக்கு என்ன ஆகும்? செத்த மீன், உதிர்ந்த பழம், அழுகிய இலை எல்லாவற்றையும் தின்று கரையைச் சுத்தம் செய்வதும், விதைகளைப் பரப்புவதும் இவைதான். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த தீவு அமாமி ஒஷிமா. அங்கே சட்டம் கடுமையாக இருப்பதற்கு இதுதான் பின்னணி.

நம் கடற்கரையில் என்ன நிலை?

தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க துறவி நண்டுகள் உண்டு. கழிமுகச் சேற்றில், பாறை இடுக்கில், மன்னார் வளைகுடாத் தீவுகளில் இவற்றைப் பார்க்கலாம். ராமேஸ்வரம், கன்னியாகுமரி போகிறவர்கள் சங்கு, சிப்பிப் பொருட்கள் வாங்காமல் திரும்புவது அபூர்வம். கடையில் வாங்குவதோடு நிற்காமல், கரையில் கிடப்பதையும் பை நிறைய அள்ளுவது நம் பழக்கம்.

ஒருவர் ஒரு சங்கு எடுத்தால் ஒன்றும் ஆகாது. எல்லோரும் எடுத்தால்? ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில் 30 ஆண்டு இடைவெளியில் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டது 2014-ல் வெளியான ஆய்வு. சுற்றுலாப் பயணிகள் கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகரித்த அதே காலத்தில், கரையில் கிடந்த கிளிஞ்சல்கள் 60%-க்கும் மேல் குறைந்திருந்தன.

தாய்லாந்தில் 2020-ல் நடந்தது இன்னும் நேரடியான பாடம். கொரோனாவால் பயணிகள் வராத கடற்கரையில் துறவி நண்டுகள் பெருகிவிட்டன. ஆனால் குடியிருக்கச் சங்கு போதவில்லை. பாட்டில் மூடியையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு திரிந்தன. கடைசியில் மு கோ லாண்டா தேசியப் பூங்கா, 'வீட்டில் சங்கு வைத்திருந்தால் கொடுங்கள்' என்று மக்களிடம் வேண்டுகோள் வைத்தது. எடுத்துப்போன வீடுகளைத் திருப்பிக் கேட்ட கதை இது.

நாம் என்ன செய்யலாம்?

• கரையில் கிடக்கும் காலிச் சங்கை அங்கேயே விட்டுவிடுங்கள். ஞாபகத்துக்குப் போட்டோ போதும்.

• ஆசைக்கு ஒரு சங்கை எடுத்தாலும், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். கால் தெரியாவிட்டாலும் பயந்து உள்ளே ஒளிந்திருக்கலாம்.

• துறவி நண்டைச் சங்கில் இருந்து பிடித்து இழுக்காதீர்கள். அது பிடியை விடாது, உடம்பு பிய்ந்துதான் வரும்.

• கடற்கரையில் மூடி திறந்த பாட்டில் கிடந்தால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அதற்கு முன் உள்ளே நண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியே விடுங்கள்.

அம்மோனைட் அழிந்தபோது துறவி நண்டுக்குச் சங்கு கிடைத்தது. அந்த மாற்றத்துக்குப் பல லட்சம் ஆண்டுகள் அவகாசமும் இருந்தது. இப்போது சங்கை எடுத்துக்கொண்டு நாம் மூடியைக் கொடுப்பது ஒரு மனித ஆயுளுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. அடுத்த முறை கடற்கரையில் கால் நனைக்கும்போது குட்டிச் சங்கு ஒன்று தானாக நகர்ந்தால், அதன் வழியை மறிக்காமல் விடுங்கள். அது வீட்டோடுதான் போகிறது.